மூச்சுவிடும் இரும்பு

(முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், எங்கள் ஆய்வுக்கூடத்தில் தக்கைக்குள் கண்ணாடிக் குழாயைச் செருகிக்கொண்டிருந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அன்று என் விஷயத்தில் மெய்யாயிற்று. குழாய் ஒடிந்து இடக்கைப் பெருவிரலைக் கிழித்துவிட்டது. ஆய்வுக்கூட உதவியாளர் ஓடிவந்து, தம்பிக்கு எதிலும் பொறுமை கிடையாது என்று கடிந்துகொண்டே, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைக் காயத்தின்மேல் ஊற்றினார். ரத்தம் பட்ட இடமெல்லாம் வெண்ணுரை பொங்கி வழிந்தது. நண்பர்களே, வலியை மறந்து அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெராக்சைடைச் சிதைத்து ஆக்சிஜனை வெளிப்படுத்தும் வினையூக்கிகளில் இரும்பும் ஒன்று என்பது நாம் பாடத்தில் படித்ததுதான். ரத்தத்தில் இரும்பு உண்டு, ஆகவே நுரைத்தது. இப்படி எண்ணிக்கொண்டு, மறுநாள் எங்கள் ஊர்க் கிணற்றுக் கப்பியிலிருந்து சுரண்டிய துருவைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். சோதனைக் குழாயில் பெராக்சைடு எடுத்துத் துருவைப் போட்டேன். சோம்பலாக ஒன்றிரண்டு குமிழிகள் எழுந்தன. இன்னொன்றில் ஃபெரிக் குளோரைடுக் கரைசலைச் சில துளிகள் விட்டேன். கொஞ்சம் சுறுசுறுப்புத் தெரிந்தது. மூன்றாவதில், ஆறாத காயத்தை அழுத்தி ஒரே ஒரு சொட்டு ரத்தம் விட்டேன். குழாயின் வாய்வரை நுரை ஏறிற்று! துருவிலோ இரும்பு நிறைய. அந்தச் சொட்டு ரத்தத்தில் இருந்த இரும்பையோ நம் ஆய்வுக்கூடத் தராசில் நிறுக்கவும் முடியாது. குறைவாக உள்ளது மிகுதியாக வேலை செய்வானேன்?

எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். நீரில் கரைந்த வெறும் இரும்பு அயனியைவிட, ஹீம் என்னும் நைட்ரஜன் வளையத்துக்குள் அமர்ந்த இரும்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாகப் பெராக்சைடைச் சிதைக்கும் என்றார். அந்த ஹீமைப் புரதம் ஒன்று பொதிந்து கேட்டலேஸ் என்னும் நொதி ஆகிவிட்டால், வேகம் மேலும் ஒரு கோடி மடங்கு அளவுக்குக் கூடுமாம். இரும்பு அதே இரும்புதான். இருக்கும் இடம்தான் வேறு. இந்த வித்தையை இயற்கையிடமிருந்து கற்று, கரித்தூளில் செய்து பார்த்த மனிதர் ஒருவர் உண்டு, அவரைப் பற்றிப் படி என்று சொல்லி அனுப்பினார். அவர்தான் ஒட்டோ வார்பர்க்.

இது என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குப் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. செம்புறாங்கல்லை வெட்டிச் சுவரெழுப்பும் மண் இது. மழை பெய்தால் தெருவில் ஓடும் தண்ணீரே சிவந்து ஓடும். இத்தனை இரும்பின்மேல் நடந்து திரியும் என் அக்காளுக்கு, ஏழாம் மாதத்தில் உடம்பில் இரும்பு போதவில்லையென்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எங்கள் அப்பத்தாவோ, முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே, காலுக்குக் கீழே கிடப்பதையா காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள் என்று சிரித்தாள். அப்பத்தாவின் கேள்வியும் என் சோதனைக் குழாயின் கேள்வியும் ஒன்றே என்று எனக்குப் பட்டது.

வார்பர்க் 1883ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள ஃபிரைபர்க் நகரில் பிறந்தார். தந்தை எமில் வார்பர்க், யூதக் குடும்பத்தில் பிறந்த இயற்பியல் அறிஞர், தாய் கிறித்துவர். 1895இல் தந்தைக்குப் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைக்கவே குடும்பம் தலைநகருக்குப் பெயர்ந்தது. எமில் ஃபிஷர், நெர்ன்ஸ்ட், பிளாங்க், பின்னாளில் ஐன்ஸ்டைன் போன்றோர் வந்து போகும் வீடு அது. நம் வீட்டுத் திண்ணையில் மழையையும் கடலை விலையையும் பேசுவதுபோல் அங்கே ஒளியையும் வெப்பத்தையும் பேசியிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு விஞ்ஞானம் கைவந்ததில் வியப்பில்லை. பிறரைச் சற்றுக் குறைவாகவே மதிக்கும் குணமும் அங்கேதான் முளைத்ததோ என்னவோ!

எமில் ஃபிஷரிடம் வேதியியல் பயின்று 1906இல் டாக்டர் பட்டம் பெற்றார். அது போதாதென்று ஹைடல்பர்க் சென்று மருத்துவமும் படித்து 1911இல் அதிலும் பட்டம் பெற்றார். புற்றுநோயை வென்றுவிட வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. நோயுற்ற உயிரணுவை அறிய, முதலில் நலமான உயிரணு எப்படி மூச்சுவிடுகிறது என்று அறிய வேண்டும் என்று கருதினார். மூச்சு என்றால் நுரையீரலின் மூச்சன்று. நாம் இழுக்கும் ஆக்சிஜன் ரத்தத்தின் வழியே ஒவ்வோர் உயிரணுவுக்கும் போய்ச் சேர்ந்து, உண்ட உணவை எரிக்கிறதே, அந்த மூச்சு.

இங்கே ஒரு புதிர் உண்டு. சர்க்கரையைத் தட்டில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை எரிப்பதில்லை. எரிக்க வேண்டுமானால் அடுப்பின் சூடு தேவை. நம் உடம்போ 37 டிகிரி வெப்பத்திலேயே அதை எரித்துவிடுகிறது. யார் மூட்டும் தீ அது?

இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில், முட்கள் நிறைந்த உருண்டையான கடலுயிர் ஒன்றின் முட்டைகளை வார்பர்க் 1908இல் ஆராய்ந்தார். கருவுற்ற கணத்திலிருந்து அந்த முட்டை உட்கொள்ளும் ஆக்சிஜன் ஆறு மடங்கு வரை உயர்வதைக் கண்டார். பிறகு அதே முட்டைகளில் மிகச் சிறிதளவு இரும்பு இருப்பதையும், நசுக்கிய முட்டையோடு இரும்பு உப்பைச் சேர்த்தால் ஆக்சிஜன் உட்கொள்ளல் கூடுவதையும் கண்டு 1914இல் வெளியிட்டார். தீ மூட்டுபவன் இரும்போ என்ற ஐயம் அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டில்தான் உலகப் போர் மூண்டது.

வார்பர்க் தாமே முன்வந்து குதிரைப் படையில் சேர்ந்தார். ரஷ்ய முனையில் போரிட்டுக் காயமுற்று, இரும்புச் சிலுவை என்னும் வீரப் பதக்கமும் பெற்றார். வாழ்நாள் முழுதும் இரும்பை ஆராய்ந்தவருக்கு அரசு தந்த விருதும் இரும்புதான்! 1918இல் ஐன்ஸ்டைன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்முனையில் அவர் நிற்கும் இடத்தில் எந்தச் சாதாரண மனிதனும் நிற்கலாம், ஆய்வுக்கூடத்தில் அவருடைய இடத்தை நிரப்ப ஆளில்லை என்ற கருத்தில் அமைந்த கடிதம் அது. வார்பர்க் திரும்பினார். பெர்லின் புறநகரான டாலமில் இருந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தில் அமர்ந்தார்.

அங்கே அவருக்கு உற்ற துணையாக இருந்தது ஒரு கண்ணாடிக் கருவி. ரத்த வாயுக்களை அளக்க முன்பே இருந்த அழுத்தமானியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டார். சிறு குடுவை, அதனுடன் இணைந்த ப வடிவக் குழாய், குழாயில் நிறமூட்டிய திரவம். குடுவைக்குள் உயிரணுக்களை இட்டு, வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். வெளிவரும் கரியமில வாயுவை நடுக்கிண்ணத்திலுள்ள காரம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே திரவம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஆக்சிஜன் செலவாகியிருக்கிறது என்று பொருள். மூச்சை அளவுகோலால் அளக்கும் வித்தை! வார்பர்க் கருவி என்ற பெயரில் உலகமெங்கும் உயிர்வேதியியல் கூடங்களில் பல பத்தாண்டுகள் இது ஆடிக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்லப்போவது அவர் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உயிரணு என்பது ஆயிரம் பொருள்கள் குழம்பிக் கிடக்கும் இடம். அதில் இரும்பு மட்டும் என்ன செய்கிறது என்று எப்படிப் பிரித்தறிவது? 1920களின் தொடக்கத்தில் வார்பர்க் ஒரு துணிச்சலான வழியைக் கண்டார். உயிரற்ற ஒரு பொருளை உயிரணுவைப் போல் மூச்சுவிட வைத்துப் பார்ப்பது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கரி. அதிலும், விலங்குகளின் ரத்தத்தைச் சுட்டுச் செய்த கரி.

இந்தக் கரித்தூளைச் சிஸ்டீன் போன்ற அமினோ அமிலக் கரைசலோடு சேர்த்துக் குடுவையில் ஆட்டினார். உடல் வெப்பத்திலேயே கரி ஆக்சிஜனை இழுத்தது. அமினோ அமிலம் எரிந்து கரியமில வாயுவும் அம்மோனியாவும் ஆயிற்று. உயிரணு செய்யும் அதே வேலை! சிறிதளவு சயனைடு சேர்த்தார். கரியின் மூச்சு அடங்கிவிட்டது. உயிரணுவின் மூச்சையும் சயனைடு அப்படித்தான் அடக்கும். நம் ஊர்ப்பக்கம் இளஞ்சோளப் பயிரை மேய்ந்த ஆடுமாடுகள் வயிறூதி, மூச்சுத் திணறி விழுந்து மாள்வதைக் கிராமத்து நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளஞ்சோளத்திலிருந்து வெளிப்படும் நஞ்சும் இந்தச் சயனைடு வகைதான்.

வார்பர்க் இதோடு நிற்கவில்லை. தாம் சேர்த்த சயனைடு, கரியின் பரப்பு முழுவதையும் மூடப் போதுமா என்று கணக்கிட்டார். போதாது, பரப்பில் மிகச் சிறு பகுதியைத்தான் மூட முடியும். அப்படியானால் கரியின் பரப்பில் எங்கோ சில இடங்கள் மட்டுமே வேலை செய்கின்றன. சயனைடு அவற்றைத் தேடிப்பிடித்து அடைக்கிறது. சயனைடு இறுகப் பற்றும் பொருள் எது? இரும்பு!

இதை மெய்ப்பிக்க, தூய சர்க்கரையைச் சுட்டுக் கரி செய்தார். அதில் இரும்பும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. அது பெரிதாக எதையும் எரிக்கவில்லை. அதோடு இரும்பு உப்பைச் சேர்த்துச் சுட்டார், அப்போதும் பயனில்லை. பிறகு நைட்ரஜன் உள்ள பொருள்களைச் சுட்ட கரியில் இரும்பைச் சேர்த்தார், கரி உயிர்பெற்றது. 1924இல் வெளியான ஆய்வு இது. ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமினைத் தனியே பிரித்துச் சுட்ட கரியோ எல்லாவற்றையும் மிஞ்சியது. ஆக, இரும்பு மட்டும் போதாது. நைட்ரஜனின் பிடியில் இருக்கும் இரும்புதான் ஆக்சிஜனைக் கையாளத் தெரிந்த இரும்பு. என் கிணற்றுத் துரு ஏன் சோம்பி நின்றது என்று எனக்கு விளங்கிய இடம் இதுதான்.

கரி ஒரு மாதிரிதானே, உயிரணுவிலும் அப்படியே என்பதற்கு என்ன சான்று என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடை கார்பன் மோனாக்சைடு வடிவில் வந்தது. மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியவர்களைக் கொல்லும் வாயு அது. ஈஸ்ட் உயிரணுக்களின் மூச்சையும் அது அடக்குவதை வார்பர்க் 1926இல் கண்டார். வியப்பு என்னவென்றால், அப்படி மூச்சடங்கிய ஈஸ்ட்டின்மேல் பலமான விளக்கொளியைப் பாய்ச்சியதும் மூச்சு திரும்பிவிட்டது. விளக்கை அணைத்தால் மறுபடி அடங்கியது. இரும்போடு கார்பன் மோனாக்சைடு கொள்ளும் பிணைப்பை ஒளி அறுக்கும் என்பது வேதியியலார் அறிந்த செய்தி.

அவரும் அவருடைய உதவியாளர் நெகலைனும் ஒளியின் நிறத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, எந்த நிறம் எவ்வளவு மூச்சை மீட்கிறது என்று அளந்தார்கள். 1928 அளவில் கிடைத்த வரைபடம் ஹீமின் வகைப் பொருள்களின் நிறமாலையை ஒத்திருந்தது. யாரும் கண்ணால் காணாத, புட்டியில் பிடித்து வைக்காத ஒரு நொதியின் அங்க அடையாளத்தை, ஒளியைக் கொண்டே எழுதிவிட்டார்கள். உயிரணுவில் அந்த நொதி இருக்கும் அளவோ மிக மிகக் குறைவு. 1931இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வார்பர்க்குக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியால் டாலமில் அவருக்கென்றே ஓர் உயிரணு இயங்கியல் நிறுவனமும் எழுந்தது.

இதுவரை படித்தவர்கள் வார்பர்க் எதிலும் தவறாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். அதே காலத்தில் வீலண்ட் என்ற மற்றொரு ஜெர்மானியர், உயிரணுவில் தூண்டப்படுவது ஆக்சிஜன் அன்று, உணவுப் பொருளிலுள்ள ஹைட்ரஜனே என்று வாதிட்டார். அவர் மாதிரியாகக் கொண்டது பல்லேடியம் என்னும் விலையுயர்ந்த உலோகம். கேம்பிரிட்ஜில் கெய்லின் என்பவர் 1925இல், உயிரணுக்களில் சைட்டோகுரோம் என்னும் இரும்பு நிறமிகள் இருப்பதை நிறமாலைக் காட்டியால் கண்டு வெளியிட்டார். இருவரோடும் வார்பர்க் கடுமையாக மோதினார். ஆய்வுக் கட்டுரைகளில் அவருடைய பேனா வாளைவிடக் கூர்மையாயிருந்தது என்பர். முடிவில் மூவரும் சொன்னதில் மெய் இருந்தது. ஹைட்ரஜனைக் கடத்தும் நொதிகளும் உண்டு. நடுவே சைட்டோகுரோம்களின் சங்கிலியும் உண்டு. கடைசியில் ஆக்சிஜனைப் பெற்றுக்கொள்வது வார்பர்க்கின் இரும்பு நொதி. வேடிக்கை என்னவென்றால், ஹைட்ரஜனைக் கடத்தும் துணைநொதிகளைப் பற்றிய மிகச் சிறந்த ஆய்வுகளை 1930களில் செய்தவரும் வார்பர்க்தான். அவருடைய நொதி இன்று சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் எனப்படுகிறது. 1995இல் அதன் அணு அமைப்பை முழுமையாகக் கண்டபோது, ஆக்சிஜன் வந்து அமரும் இடத்தில் ஹீம் இரும்புக்கு எதிரே ஒரு செம்பு அணுவும் இருப்பது தெளிவாயிற்று.

அவரிடம் பயின்றவர்களில் ஹன்ஸ் கிரெப்ஸ் முக்கியமானவர். 1926 முதல் 1930 வரை வார்பர்க்கிடம் இருந்தவர். உயிர்வேதியியல் படிக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து அவதிப்படும் கிரெப்ஸ் சுழற்சி அவருடையதுதான். யூதர் என்பதற்காக 1933இல் அவர் வேலையிலிருந்து விரட்டப்பட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆனால் தந்தை வழியில் யூதக் குருதி உடைய வார்பர்க்கோ ஜெர்மனியிலேயே இருந்துவிட்டார்!

இந்த இடத்தில்தான் எழுதுவதை நிறுத்திவிடலாமா என்று தயங்கினேன். வரலாற்றுத் துறையில் பயிலும் என் விடுதி நண்பன், ஹிட்லரின் ஆட்சியில் வாய் மூடி இருந்தவரை நம் ஆண்டு மலரில் ஏன் ஏற்றுகிறாய் என்று கேட்டுவிட்டான். என்னிடம் உடனே விடை இல்லை. வார்பர்க் நாஜிக் கட்சிக்காரர் அல்லர். அவர்களை வெறுத்தார் என்றே தெரிகிறது. ஆயினும் தம் நிறுவனத்தை விட்டு வர மனம் வரவில்லை. 1941இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சில வாரங்களிலேயே மேலிடத்து உத்தரவால் மீண்டும் அமர்த்தினார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிதான் அவருக்குக் கேடயமாயிற்று என்பர். 1943இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஆய்வுக்கூடத்தைப் பெர்லினுக்கு வடக்கே லீபன்பர்க் என்ற இடத்துக்கு மாற்றினார். போர் முடிந்தபின் பழைய இடத்தில் மறுபடி வேலை தொடங்க 1950 ஆயிற்று.

தோழர்களும் மாணவர்களும் நாடு கடந்து ஓடியபோது தம் குடுவைகளோடு இருந்துவிட்ட அவரை என்னால் முழு மனத்தோடு மெச்ச முடியவில்லை. ஆனால் அவர் கண்டதை மறைத்துவிட்டு நொதிகளின் வரலாற்றைச் சொல்லவும் முடியாது. நண்பனிடம் இதைத்தான் சொன்னேன். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. விடுதியில் அன்றிரவு சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பிற்கால வார்பர்க்கின் பிடிவாதம் வளர்ந்துகொண்டே போயிற்று. புற்று உயிரணுக்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைக்கின்றன என்று 1920களில் அவர் கண்டது மெய். இன்றைய பெட் ஸ்கேன் அந்தச் சர்க்கரைப் பசியைக் கொண்டுதான் கட்டியைக் காட்டுகிறது. ஆனால் மூச்சுக் குறைவே புற்றுநோயின் மூலகாரணம் என்று கடைசிவரை அவர் சாதித்ததை மற்றவர்கள் ஏற்கவில்லை. ஒளிச்சேர்க்கையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்பட நான்கு ஒளித்துகள்கள் போதும் என்றார். அவரிடமே பயின்ற எமர்சன் எட்டுக்குக் குறையாது என்று அமெரிக்காவில் அளந்து காட்டினார். மாணவர் சொன்னதே நிலைத்தது. ஆசிரியர் ஒப்பவே இல்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. நாள்தோறும் காலையில் குதிரையேற்றம், பிறகு ஆய்வுக்கூடம். ரசாயனம் கலந்த உணவு புற்றுநோய் தரும் என்று அஞ்சித் தம் தோட்டத்துக் காய்கறியையே உண்டார். 86ஆம் வயதில், 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் பெர்லினில் காலமானார். அவருடைய நிறுவனக் கட்டடம் பின்னாளில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் ஆவணக் காப்பகமாயிற்று.

அவர் சுட்ட கரியின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. எரிபொருள் கலனில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து மின்சாரம் எடுக்க வேண்டுமானால், ஆக்சிஜனைக் கையாள ஒரு வினையூக்கி வேண்டும். வழக்கமாக அது பிளாட்டினம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். 1964இல் ஜாசின்ஸ்கி என்ற அமெரிக்கர், ஹீமைப் போலவே நான்கு நைட்ரஜன்களுக்கு நடுவே கோபால்ட் அமர்ந்த ஒரு சேர்மம் அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார். பிறகு கோபால்ட்டுக்குப் பதில் இரும்பு வந்தது. அத்தகைய சேர்மங்களைக் கரியோடு கலந்து சுட்டால் உறுதி கூடும் என்பது தெரிந்தது. இரும்பு, நைட்ரஜன், கரி, சூளை! வார்பர்க்கின் குடுவையில் இருந்த அதே மூன்று பொருள்கள் பிளாட்டினத்தின் நாற்காலியில் உட்கார முயல்கின்றன. அமிலத்தில் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காமல் அவை நலிந்துபோவதுதான் இன்னும் தீராத சிக்கல். நொதி நலிந்தால் உடம்பு புதிதாய் ஒன்றைச் செய்துகொள்ளும். கரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்கோ சீமையில் நடப்பதாக நினைக்க வேண்டாம். திருமயத்தைத் தாண்டினால் வரும் காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் தந்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எரிபொருள் கலன்களை ஆராயும் இடங்களுள் ஒன்று. மறுபுறம், கீரனூரைத் தாண்டித் திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது சாலையோரம் தெரிகிறதே நம் பாரதிதாசன் பல்கலைக்கழகம், அங்கே பேராசிரியர் பழனியாண்டவரும் அவருடைய மாணவர்களும் வேறொரு வகை இரும்பு நொதியைப் பல ஆண்டுகள் பின்பற்றிப் பார்த்தார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள், எளிதில் அழியாத பென்சீன் வளையம் கொண்ட கேட்டிகால் போன்ற பொருள்களை உடைத்துத் தின்றுவிடும். உடைக்கும் கத்தி ஓர் இரும்பு அணு. இங்கே ஹீம் வளையம் கிடையாது. அமினோ அமிலங்களே இரும்பைப் பிடித்திருக்கும். ஆக்சிஜன் அப்படியே அந்தப் பொருளுக்குள் புகுந்துவிடுகிறது என்று 1955இல் காட்டியவர் ஜப்பானியரான ஹயைஷி. அந்தப் பிடியைப் போன்ற சிறு மூலக்கூறுகளைச் செய்து, நடுவே இரும்பை அமர்த்தி, வளையம் உடைகிறதா, எந்த இடத்தில் உடைகிறது, எவ்வளவு வேகத்தில் என்று அளப்பதே திருச்சியில் நடந்த வேலை. அந்தக் கட்டடங்களை எத்தனையோ முறை பஸ் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். உள்ளே இரும்புக்கு வித்தை கற்றுக்கொடுத்தார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. மார்கழியில் எங்கள் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் கொஞ்சம் வாங்கி வந்தேன். ஒரு பங்கைக் கொதிக்க வைத்தேன். இன்னொரு பங்கை மூசையில் இட்டு, புகை வெளியேறும் கூண்டுக்குள் வைத்துச் சுட்டுக் கரியாக்கிக் கழுவிக்கொண்டேன். சர்க்கரையையும் அவ்வாறே சுட்டேன். பிறகு பெராக்சைடு எடுத்த நான்கு சோதனைக் குழாய்கள். பச்சை ரத்தம் பொங்கி வழிந்தது. கொதித்த ரத்தத்தில் புரதம் கெட்டுவிட்டதால் நுரை பெரிதும் தணிந்திருந்தது. சர்க்கரைக் கரி ஓரிரு குமிழிகளோடு நின்றது. ரத்தக் கரியிலோ, பச்சை ரத்தத்தின் வேகம் இல்லாவிட்டாலும், குமிழிகள் இடைவிடாமல் எழுந்துகொண்டே இருந்தன. வார்பர்க் செய்தது அமினோ அமிலத்தை ஆக்சிஜனால் எரித்த சோதனை. நான் செய்தது பெராக்சைடுச் சிதைவு மட்டுமே. இரண்டும் ஒன்றல்ல என்று பேராசிரியர் எச்சரித்தார். சயனைடு சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூட உதவியாளருக்குத்தான் கோபம். கருகிய ரத்த வாடை இரண்டு நாளாகியும் போகவில்லையாம். தம்பி ஆய்வுக்கூடத்தையே கிடாவெட்டுக் களமாக்கிவிட்டார் என்று கடிந்துகொண்டே குழாய்களைக் கழுவ எடுத்தார். மூன்றைக் கழுவிவிட்டு நான்காவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், இது இன்னும் கொப்பளிக்கிறதே என்று சொல்லித் திரும்பவும் தாங்கியிலேயே வைத்துவிட்டுப் போனார்.